உதட்டில் கவ்விய பட்டன் செல்

டிரஸ் வாடகை, மேடை அலங்காரத் தொழில் செய்கிறவர்களின் சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். "புதுசா தொழிலுக்கு வர்றவங்க படிப்பாங்கம்மா, கொஞ்சம் உற்சாகமா இருக்கட்டும்" என்றார்கள். உற்சாகத்துக்கு வேறு ஆளைப் பாருங்கள். என்னிடம் இருப்பது கோபம். கடையை ஒப்படைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் ஆறிவிடும் என்று நினைத்தேன். ஆறவில்லை. போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போனபோது இன்னும் கொஞ்சம் ஏறிவிட்டது.

மண்டபத்தில் அலங்கார வேலை நடந்துகொண்டிருந்தது. ஏணி மேல் நின்ற தம்பி உங்களில் ஒருவர்தான். மணமேடை வளைவு முழுக்க பேட்டரி மெழுகுவர்த்தி சொருகிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தலையை மட்டும் ஆட்டினார். வாயைத் திறக்க முடியாது, உதட்டில் பட்டன் செல்களை, பொத்தான் மாதிரி வட்டமான குட்டிப் பேட்டரிகளை, கவ்வியிருந்தார். அவரை இறக்கி, நாலு பேர் பார்க்கத் திட்டினேன். அது உங்கள் வாட்ஸ்அப் குழுவில் கேலியாக ஓடியதாகக் கேள்விப்பட்டேன். ஓடட்டும். எதற்காகத் திட்டினேன் என்பதையும் படித்துவிட்டு மிச்சக் கேலியைச் செய்யுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விருத்தாசலத்தில் ஸ்டேஷன் பக்கம் டிரஸ் வாடகைக் கடை வைத்திருந்தவள் நான். பள்ளி ஆண்டு விழா, சலங்கை பூஜை, மாறுவேடப் போட்டி, சர்ச்சில் கிறிஸ்துமஸ் நாடகம் எல்லாவற்றுக்கும் உடுத்துகிற உடையும் கையில் பிடிக்கிற சாமானும் எங்களிடமிருந்து போகும். என்னோடு கடைசி வரைக்கும் வேலை பார்த்தவள் ஜெயந்தி. இப்போது கடை அவளுடையது. மனுஷி வேலையில் தங்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் அவளைப் பற்றி வேறு மாதிரியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் தொழிலில் ஊக்குக்கு இடம் உதடுதான். ஒரு கை துணியைப் பிடித்திருக்கும், இன்னொரு கை மடிப்பு எடுக்கும், மூன்றாவது கை வாய். எங்களுக்குத் தொழில் பழக்கிய அம்மா உதடு முழுக்க ஊக்குகளைக் கவ்விக்கொண்டே எங்களை வாய் ஓயாமல் திட்டுவார், ஒன்றுகூடக் கீழே விழாது. அதை ஒரு வித்தை என்று வியந்து பார்த்தோம். அவர் கவ்வினார், நாங்கள் கவ்வினோம், எங்களைப் பார்த்து அடுத்து வந்தவர்கள் கவ்வினார்கள். இது தப்பா சரியா என்று யாரும் ஒருநாளும் கேட்டதில்லை.

பிறகு பேட்டரி மெழுகுவர்த்தி வந்தது. நானும் கையெடுத்துக் கும்பிட்டு வரவேற்றவள்தான். ஸ்பாஞ்சும் சாட்டினும் ஜிகினாவும் போட்ட பிள்ளைகள் கையில் எரிகிற மெழுகுவர்த்தியைக் கொடுத்துவிட்டு, பாட்டு முடிகிற வரைக்கும் திரைக்குப் பின்னால் வாளித் தண்ணீரோடு நின்றவர்களுக்குத்தான் அந்த நிம்மதி புரியும். கிரீடத்தில் வைத்தோம், இறக்கையில் வைத்தோம், பாவாடைக் கரையில் வைத்துத் தைத்தோம். மேடையில் வரிசையாக நட்டோம். ஆனால் அந்த நிம்மதியோடு ஒரு பேச்சும் சேர்ந்து வந்தது. "நெருப்பு இல்லியே, என்னா ஆவப் போவுது?" இந்தத் தொழிலில் நான் கேட்ட பேச்சுகளிலேயே எனக்கு அடியோடு பிடிக்காத பேச்சு இதுதான்.

என்ன ஆகும் என்று எனக்கு முதலில் காட்டியது ஒரு கல்லூரிப் பெண்ணின் இடுப்பு. திட்டக்குடிக்குப் பக்கத்து மங்களூரிலிருந்து வந்து, நடனத்துக்கு விளக்கு வைத்த இடுப்புப் பட்டை வாங்கிப் போனாள். ஒரு குட்டி விளக்கின் மூடி கழன்று, உள்ளே இருந்த பட்டன் செல் வேர்வையில் ஊறிய தோலை ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது. ஆடி முடித்து வந்தவள் பட்டையைக் கழற்றினால், காசு அளவுக்கு வட்டமாகத் தோல் வெந்திருக்கிறது. நெருப்பும் இல்லை, சூடும் இல்லை, எப்படி வெந்தது? மனசு கேட்காமல் டாக்டரிடம் நானே கூட்டிப்போனேன்.

டாக்டர் அந்தச் செல்லைக் கையில் வாங்கிப் பார்த்தார். "ஈரம் பட்டா இதுலேர்ந்து கரண்ட் ஓடும்மா. சுண்ணாம்பு பட்டா வாய் வெந்துபோவுதுல்ல, அது மாதிரி, அதவிட மோசமா சதைய அரிச்சிடும். வெளியில பட்டதால தழும்போட போச்சி. ஒரு கொழந்த முழுங்கி உணவுக் குழாயில மாட்டிக்கிச்சின்னா வெச்சிக்குங்க, காசு மாதிரி தானா வெளிய வந்துடும்னு காத்திருக்கக் கூடாது. உள்ளயே ஓட்ட போட்டுடும். சந்தேகம் வந்தாலே தூக்கிட்டு ஓடி வந்து எக்ஸ்ரே எடுக்கணும். எதையும் ஊட்டக் கூடாது, வாந்தி எடுக்க வெக்கக் கூடாது" என்றார்.

இதை நான் சங்கக் கூட்டத்தில் சொன்னேன். கேட்டவர்கள் பலகாரம் தின்றுகொண்டே கேட்டார்கள். "அக்கா பயமுறுத்துறாங்கப்பா" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது அடுத்த வாரக் கல்யாணத்தைப் பற்றிப் பேசினார்கள்.

இனி அந்த ஆண்டு விழாவுக்கு வருகிறேன்.

ஊருக்கு வெளியே ஒரு தனியார் பள்ளி. பெயர் வேண்டாம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மெழுகுவர்த்தி வேஷத்தில் ஆட வேண்டும். உடம்புக்கு வெள்ளை ஸ்பாஞ்சில் உருளையாக ஒரு கூடு, தலையில் தொப்பி, தொப்பி உச்சியில் மினுக்கும் பேட்டரிச் சுடர். இவ்வளவும் எங்கள் வேலை. இவற்றில் செல் இருக்கும் பெட்டிக்குத் திருகாணி மூடி உண்டு, அதன் மேல் துணி வைத்து நானே தைத்துவிடுவேன். பிள்ளை நினைத்தாலும் திறக்க முடியாது.

வினை கையில் பிடிக்கிற சாமானில் வந்தது. "நம்ம ஊரு செராமிக் ஊரு. புள்ளைங்க கையில நம்ம ஊரு பீங்கான் அகல்தான் இருக்கணும்" என்று பள்ளித் தாளாளருக்கு ஆசை. நல்ல ஆசைதான், நானும் குறை சொல்லவில்லை. மேடை அலங்காரம் எடுத்திருந்த சங்கரிடம் அதை ஒப்படைத்தார்கள். அவர் செராமிக் கம்பெனியில் வழவழவென்று வெள்ளை அகல்கள் வாங்கினார், கடையில் சின்னப் பேட்டரி மெழுகுவர்த்திகளை வாங்கினார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அகலின் குழி சின்னது, மெழுகுவர்த்தி பெரியது. உள்ளே போகவில்லை.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள். சங்கர் செய்ததைத்தான் செய்திருப்பீர்கள். கட்டிங் பிளேயரை எடுத்து, பிளாஸ்டிக் கூட்டை உடைத்து, திருகாணி மூடியோடு குப்பையில் போட்டுவிட்டு, பல்பையும் செல்லையும் மட்டும் அகலில் வைத்து மேலே செல்லோ டேப் ஒட்டிவிட்டார். மூடி என்பது கம்பெனிக்காரன் சும்மா வைத்த அழகு என்று நினைப்பு.

விழா அன்று சாயங்காலம் மேக்கப்புக்கு ஒதுக்கிய வகுப்பறையில்தான் அதைப் பார்த்தேன்.

"என்னா சங்கரு இது? மூடி எங்க?"

"குழி பத்தலக்கா. மூடியோட போவ மாட்டேங்குது. டேப்பு நல்லா போட்டிருக்குது, நிக்கும்."

"கொழந்தைங்க கையில குடுக்கறது சங்கரு."

"நெருப்பா என்னாக்கா? நெருப்பு இல்லியே, என்னா ஆவப் போவுது?"

தாளாளரிடம் போனேன். அகலை எடுத்துவிடுங்கள், கை வீசி ஆடட்டும் என்றேன். அழைப்பிதழில் போட்டாயிற்று, சிறப்பு விருந்தினரிடம் சொல்லியாயிற்று என்றார். "நீங்க டிரஸ்ஸ மட்டும் பாருங்க மேடம்" என்றார். டிரஸ் பார்க்கிறவளுக்கு டிரஸ் போட்டிருக்கும் பிள்ளையைப் பார்க்கும் உரிமை இல்லை போலிருக்கிறது.

வழவழப்பான பீங்கானில் டேப் எத்தனை நேரம் ஒட்டும்? வேர்த்த கைகளில் ஒவ்வொன்றாகக் கழன்றது. பிள்ளைகள் ஜெயந்தியிடம் ஓடி வந்தார்கள். அக்கா என்னுது எரியல, அக்கா என்னுது விழுந்துடுச்சி. அவள் மண்டி போட்டு உட்கார்ந்து, விழுந்த செல்களைப் பொறுக்கி, உதட்டில் கவ்விக்கொண்டு, டேப்பைக் கிழித்து, உதட்டிலிருந்து ஒன்றை எடுத்து வைத்து ஒட்டி, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாள். பிள்ளைகள் வரிசையில் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்தப் பக்கம் தொப்பி நாடா கட்டிக்கொண்டிருந்தேன்.

வரிசை மேடைப் படிக்கு நகர்ந்தது. மேடை ஏறும் முன் ஒவ்வொரு பிள்ளையையும் தொட்டுப் பார்த்து அனுப்புவது என் வழக்கம். நாடா, தொப்பி, கை. யாழினி என்ற பிள்ளையிடம் வந்தேன். அவள் அம்மா நல்லூர்க்காரர், முன் வரிசையில் போனோடு காத்திருந்தார். அப்பா பெண்ணாடம் ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவர், லோடோடு மாட்டிக்கொண்டார். மேக்கப் போடும்போதே இத்தனை கதையையும் எனக்குச் சொன்னது இந்தப் பிள்ளைதான். பேச்சு என்றால் அப்படி ஒரு பேச்சு.

அவள் அகல் எரியவில்லை. டேப் தொங்கியது. செல் இல்லை.

"செல்லு எங்க கண்ணு?"

தெரியாது என்று தலையை ஆட்டினாள். பேசவில்லை. உதட்டுச் சாயம் எச்சிலோடு கலந்து தாடைக்கு இறங்கியிருந்தது. துடைத்தேன், மறுபடி வழிந்தது. எச்சிலை விழுங்காமல் வைத்திருக்கிறாள்.

"வாயத் தொற."

திறந்தாள். உள்ளே எதுவும் இல்லை. "முழுங்கிட்டியா கண்ணு?" என்றேன். சத்தமே இல்லாமல் கண்ணில் தண்ணீர் மட்டும் வந்தது.

என் கையில் ஆதாரம் என்று ஒன்றுமில்லை என்பதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காணாமல் போன செல், வழிகிற எச்சில், பேசாத பிள்ளை, இவ்வளவுதான். கீழே எங்காவது விழுந்திருக்கலாம். மேடைப் பயத்தில் அழுதிருக்கலாம். டான்ஸ் டீச்சர் அதைத்தான் சொன்னார். எல்லோரும் குனிந்து தேட ஆரம்பித்தார்கள். தரையெல்லாம் ஜிகினாவும் சம்கியும் ஊக்கும்.

"இதோ இருக்குது!" என்றார் சங்கர். பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு செல்லை எடுத்து நீட்டினார். எல்லோருக்கும் மூச்சு வந்தது. "கெடச்சிடுச்சி, விடுங்கக்கா. பாட்டு போடப் போறாங்க" என்றார். டீச்சர் யாழினியின் தோளைப் பிடித்து மேடைப் பக்கம் திருப்பினார்.

அரை மணியாக எல்லாப் பிள்ளையின் செல்லும் தரையில் கொட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒன்று கிடைத்தது. "இது அவ செல்லுன்னு பேரு எழுதியிருக்குதா சங்கரு?" என்றேன். அவர் கையிலிருந்த செல்லைப் புரட்டிப் பார்த்தார், நிஜமாகவே பெயரைத் தேடுகிறவர் போல.

இதற்குள் தாளாளர் வந்துவிட்டார். என்னை ஓரமாகக் கூப்பிட்டு மெதுவாகப் பேசினார். "மேடம், புள்ள நல்லாத்தானே நிக்குது? இருமலு இல்ல, மூச்சுத் திணறலு இல்ல. கலெக்டர் ஆபீஸ்லேர்ந்து வந்திருக்காங்க. இந்த ஒரு பாட்டு முடியட்டும். அப்பறம் நானே கார்ல அனுப்பறேன்" என்றார். அவரோடு வந்தவர் கையில் வாழைப்பழம். "பழத்தக் குடுங்க, எதுனா இருந்தாலும் எறங்கிடும். எங்க அண்ணன் மவன் ஒத்த ரூபா முழுங்கினான், பழத்துல வந்துடுச்சி" என்று உரித்து யாழினியின் வாய்க்கே கொண்டுபோனார். நான் தட்டிவிட்டேன். பழம் தாளாளரின் சட்டையில் பட்டது.

அதற்காக நான் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

ஆனால் பிள்ளை என்னுடையது அல்ல. நானாகத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. ஜெயந்தியிடம் "எதையும் வாய்க்குக் குடுக்காத, தண்ணிகூட" என்று சொல்லிவிட்டு முன் வரிசைக்கு ஓடினேன். யாழினியின் அம்மா போனைத் தூக்கிப் பிடித்துத் தயாராக இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முழுங்கிட்டான்னு தெரியுமாக்கா?"

"தெரியாதும்மா. முழுங்கலன்னும் தெரியல."

"ஒரே பாட்டுதானேக்கா... அவுங்க அப்பா வீடியோ அனுப்பச் சொல்லியிருக்காரு. ஒரு மாசமா வூட்டுல இதே ஆட்டம்தான். பாத்துட்டு போயிடலாமா?"

இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று இத்தனையும் எழுதுகிறேன். அந்தத் தாயின் முகத்தைப் பார்த்ததும் எனக்கே தடுமாறிவிட்டது. நான் நினைப்பது பொய்யாகப் போனால், ஒரு பிள்ளையின் ஆட்டத்தைக் கெடுத்தவள், பள்ளியின் மானத்தை வாங்கியவள், ஊரில் ஒரு பள்ளியும் என்னைக் கூப்பிடாது. இருக்கட்டும். அந்த நஷ்டத்தை நான் தாங்கிக்கொள்ளலாம். நிஜமாகப் போனால் வருகிற நஷ்டத்தை யாரும் தாங்க முடியாது. உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். அப்போது எது நடக்க வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்காதீர்கள். எது நடந்தால் தாங்க முடியாது என்று மட்டும் பாருங்கள்.

"ஆட்டத்த அடுத்த வருசம் பாத்துக்கலாம். எழுந்திரும்மா" என்றேன். கொஞ்சம் கத்தித்தான் சொன்னேன். பக்கத்து நாற்காலிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எழுந்துவிட்டார்.

வாசலில் விருந்தினர் கார்கள் அடைத்துக்கொண்டு நின்றன. பின்பக்கம் சங்கரின் குட்டி யானை, அவர் அலங்கார சாமான் ஏற்றி வந்த வண்டி, நின்றது. சங்கரைப் பற்றி இதுவரை எழுதியதெல்லாம் உண்மை. இதுவும் உண்மை: நான் கேட்கும் முன்பே சாவியோடு ஓடிப்போய் வண்டியை எடுத்தார். ஸ்பாஞ்சுக் கூட்டில் பிள்ளையால் உட்கார முடியவில்லை. இடுப்பில் எப்போதும் இருக்கும் கத்தரிக்கோலால் நான் தைத்ததை நானே மேலிருந்து கீழே வெட்டி எறிந்தேன். பின்னால் மேடையில் பாட்டு ஆரம்பித்தது. யாழினி அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறை வாசலில் நிற்கும்போதுதான் கவனித்தேன், அவள் தலையில் தொப்பி இன்னும் இருந்தது. உச்சியில் பொய்ச் சுடர் அழகாக மினுக்கிக்கொண்டிருந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் சிரித்த முகத்தோடு அதைப் பார்த்துப் போனார்கள். தொப்பியைப் பிடுங்கினேன். படத்தில் வேறு எந்த உலோகமும் விழுந்து குழப்பக் கூடாது என்று வளையல், ஊக்கு, மாலை எல்லாவற்றையும் கழற்றி என் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

படம் வந்தது. நெஞ்சுக்கு மேலே, கழுத்துக்குக் கொஞ்சம் கீழே, வட்டமாக ஒன்று. டாக்டர் விளிம்பைக் காட்டினார், வட்டத்துக்குள் இன்னொரு வட்டம். "காசு இல்ல. செல்லுதான்" என்றார். அந்த அம்மா உட்கார்ந்தேவிட்டார். சங்கர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். உடனே ஆம்புலன்சில் சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே மயக்கம் கொடுத்து, வாய் வழியாகக் குழாய் விட்டு எடுத்தார்கள். எடுத்த டாக்டர் அந்தச் செல்லை ஒரு தட்டில் வைத்துக் காட்டினார். ஒரு பக்கம் கறுத்திருந்தது. பிள்ளையின் உள்ளேயும் புண் விழ ஆரம்பித்துவிட்டது என்றார். "சீக்கிரம் வந்தீங்க" என்றார். விழா முடியட்டும் என்று இருந்திருந்தால் என்று நான் கேட்டேன். அவர் தட்டை மூடிவிட்டு, "அதான் வந்துட்டீங்களே" என்றார்.

பாலும் கஞ்சியுமாகக் கொஞ்ச நாள் வைத்திருந்து, திரும்பத் திரும்பப் பார்த்து, பிள்ளையை முழுசாக அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு நானும் ஜெயந்தியும் பார்க்கப் போனோம். பேச்சு திரும்பியிருந்தது. ஏன் கண்ணு வாயில் போட்ட என்று அவள் அம்மா பத்தாவது தடவையாகக் கேட்டார்.

"வாயில போடல. ஜெயந்தி அக்கா மாதிரி உதட்டுல வெச்சிருந்தேன். என்னுது கழண்டுடுச்சி, நானே ஒட்டிக்கலாம்னு. மிஸ்ஸு போ போன்னு தள்ளுனாங்க. உள்ள போயிடுச்சி" என்று உதட்டைக் குவித்துக் காட்டினாள்.

ஜெயந்தி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அழுதாள். நான் அவளைத் தேற்றவில்லை. அவளை மட்டும் எப்படித் திட்டுவது என்றும் தெரியவில்லை. அந்த உதடு அவளுடையது மட்டும் இல்லை. எங்களுக்குக் கற்றுக்கொடுத்த அம்மாவின் உதடு, என் உதடு, உங்கள் எல்லோருடைய உதடு.

பிறகு நடந்ததைக் கேளுங்கள், அப்போதுதான் என் கோபம் ஏன் ஆறவில்லை என்று தெரியும். பள்ளியிலிருந்து வந்த செய்தி, "டிரஸ் பார்ட்டியின் கவனக்குறைவு." எங்களை அதன் பிறகு அங்கே கூப்பிடவில்லை. அடுத்த ஆண்டு விழாவில் அதே தாளாளர், பேட்டரி சமாசாரமே வேண்டாம் என்று முடிவெடுத்து, பிள்ளைகள் கையில் எரிகிற மெழுகுவர்த்தியையே கொடுத்தாராம். ஸ்பாஞ்சுக் கூட்டுக்குள் நிற்கிற பிள்ளைகளின் கையில்! அறிவு என்பதைக் கடையில் வாடகைக்கு விட முடிந்திருந்தால் முதல் செட்டை அவருக்கு இலவசமாக அனுப்பியிருப்பேன். நம் சங்கத்திலோ, எல்லாம் மட்டமான சரக்கு, நல்ல பிராண்ட் வாங்கினால் ஒன்றும் ஆகாது என்று பேசி முடித்தார்கள். நல்ல பிராண்டின் மூடியையும் கட்டிங் பிளேயர் உடைக்கும், ஐயா. விலை உயர்ந்த செல்லும் தொண்டைக்குள் போகும்.

ஒருவர்கூட உதட்டைப் பற்றிப் பேசவில்லை. செராமிக் கம்பெனிக்கும் நான்தான் போனேன். அகலின் குழியைக் கொஞ்சம் பெரிதாக்க முடியுமா என்று கேட்டேன். "அச்ச மாத்தினா ஆச்சி. மெழுகுவர்த்திய ஒண்ணு குடுத்துட்டுப் போங்க, அளவு எடுத்துக்கறோம்" என்றார்கள். இவ்வளவுதான். அதைக் கேட்பதற்குச் சோம்பல்பட்டுத்தான் மூடியை உடைத்தோம். அன்றிலிருந்து எங்கள் கடையில் மூடி திருகாத விளக்கு எதுவும் வெளியே போனதில்லை. பெரிய உடைகளுக்குப் பட்டன் செல்லே கிடையாது, பென்சில் செல் போட்ட பெட்டியை முதுகுப் பக்கம் பைக்குள் வைத்துத் தைத்துவிடுவோம். கழற்றின செல் நேரே மூடி போட்ட டப்பாவுக்குப் போகும். சங்கரும் இப்போது அப்படித்தான் செய்கிறார். கேட்டால் தன் யோசனை என்பார். சொல்லிக்கொள்ளட்டும்.

நான் கடையை விடுவதற்குக் கொஞ்சம் முன்னால், யாழினியை அவள் அம்மா கூட்டிக்கொண்டு வந்தார். வேறு பள்ளியில் சேர்த்திருந்தார்கள், அங்கே டான்ஸில் எடுத்திருக்கிறார்களாம். அளவுக்குக் கொஞ்சம் பெரிய பாவாடை, இடுப்பில் பிடித்து ஊக்கு குத்த வேண்டும். ஜெயந்தி மண்டி போட்டு உட்கார்ந்தாள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவள் உதட்டில் செல்லை நான் பார்த்ததே இல்லை. ஆனால் ஊக்கு மெதுவாகத் திரும்ப வந்திருந்தது. கை வேலையில் இருந்ததும் யோசிக்காமல் நாலைந்தை எடுத்து உதட்டில் கவ்விக்கொண்டாள்.

யாழினி குனிந்து பார்த்தாள். உள்ளங்கையைக் குழித்து, ஜெயந்தியின் தாடைக்குக் கீழே நீட்டினாள்.

"துப்புங்கக்கா."

ஜெயந்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"துப்புங்க."

ஒவ்வொன்றாகத் துப்பினாள். எச்சில் ஈரத்தோடு அத்தனை ஊக்கும் அந்தச் சின்னக் கையில் விழுந்தன. யாழினி அவற்றை மேஜை மேல் கொட்டினாள், கையைப் பாவாடையில் துடைத்தாள், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு மறுபடி நின்றாள். "இப்ப குத்துங்க" என்றாள்.

ஏணி மேல் நின்ற தம்பியிடம் நான் சொன்னது அந்தப் பிள்ளை சொன்னதைத்தான். அதற்குத்தான் சிரித்தீர்கள். இதைப் படிக்கிற நேரத்தில் உங்களில் யாராவது பந்தலில், மண்டபத்தில், மேக்கப் ரூமில் ஏதாவது கவ்விக்கொண்டிருப்பீர்கள், எனக்குத் தெரியும். பக்கத்தில் ஒரு பிள்ளை உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும், அதுவும் தெரியும்.

கையை நீட்டுகிறேன். துப்புங்கள்.